அக்கா வண்டி ஓட்டாத நான்கு மாதங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா நன்றாக இருக்கிறாள். இன்று காலையும் மந்தைவெளியில் இருந்து ஐந்து பிள்ளைகளைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மயிலாப்பூரில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டாள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று அங்கே நின்ற காரோட்டி ஒருவரோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். நடுவில் நடந்ததைப் படிக்கும்போது யாரும் பயப்பட வேண்டாம். பட வேண்டிய பயத்தையெல்லாம் நான் பட்டு முடித்துவிட்டேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா இறந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அப்பா அதற்கு முன்பே எங்களை விட்டுப் போயிருந்தார். தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்த அக்கா, அந்தச் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிட முடியாது என்று ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஸ்டாண்டில் இருந்த ஆண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வரிசையில் இடம் விட மறுத்தார்கள். அக்கா நகரவில்லை. கடைசியில் அவர்களே நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் வண்டியில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவளும் அவள்தான். தனக்கு வேண்டாம் என்றுவிட்டாள். இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். முன்னறை அவளுடையது. பின்னால் இருக்கும் இரண்டு அறைகளில் நானும் என் கணவரும் மகளும்.

நான் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் அடித்துக் கொடுப்பேன். இந்த வேலையைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அக்காவின் வண்டி தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளத்தில் இறங்கிக் கவிழ்ந்தது. சவாரி யாரும் இல்லை. அக்காவுக்கு முதுகெலும்பில் அடி. எலும்பு டாக்டர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது சாதாரண வலி மாத்திரை இல்லை, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத வகை என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். மாத்திரை வேலை செய்தது. அக்கா எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், வண்டி எடுத்தாள். நாங்கள் அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டோம்.

இரண்டு வாரம் ஓர் ஆண்டானது, ஓர் ஆண்டு இரண்டானது. எங்கள் தெரு மருந்துக்கடையில் இனி கொடுக்க முடியாது என்றதும் அவள் மயிலாப்பூரில் வாங்கினாள். அங்கேயும் கேள்வி கேட்டதும் அடையாறுக்குப் போனாள். ஒருநாள் மத்தியானம் என் கடைக்கு வந்து, அந்தப் பழைய டாக்டர் சீட்டை என் மேஜையில் வைத்தாள்.

"இந்தத் தேதிய மட்டும் மாத்திக் குடுடி. டாக்டராண்ட போனா மூணு மணி நேரம் குந்தணும். எனக்கு சவாரி கீது."

நான் மாற்றிக் கொடுத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் அப்படி விட்டால் இந்தக் கதையில் நான் ரொம்ப நல்லவளாகிவிடுவேன். சீட்டை ஸ்கேன் செய்து, தேதியை அழித்து, புதுத் தேதி போட்டு, கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. அவள் எனக்குச் செய்ததற்கெல்லாம் இந்த ஐந்து நிமிடம்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்றுதான் அன்று தோன்றியது.

அடுத்த மாதம் மறுபடியும் வந்தாள். இந்த முறை தேதியோடு மாத்திரையின் எண்ணிக்கையையும் மாற்றச் சொன்னாள். அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. என் அக்கா ஓரிடத்தில் நின்றால் காலை ஆட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் வாய் கொடுப்பவள். இவள் சுவரில் சாய்ந்துகொண்டு, யாரோ தூக்கத்தில் எழுப்பிவிட்டதைப்போல நின்றாள்.

"அக்கா, நீ இந்த மாத்திரைக்கு அடிமையாயிட்டியா?"

கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் அவள் சுற்றிப் பார்த்தாள். "இன்னாடி பேசற? டாக்டர் எழுதிக் குடுத்தது. போதைன்றது கஞ்சா, சரக்கு. நான் இன்னா சந்துல சுருட்டிக்கினா கீறேன்? வலிக்குது, போட்டுக்கறேன். உனுக்கு வலிச்சா தெரியும்." சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய முட்டாள்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது முன்னறையையும் வண்டியையும் சோதித்தேன். தலையணை உறைக்குள், சாமி படத்துக்குப் பின்னால், ஆட்டோவின் முன்பெட்டியில் என்று பதினோரு அட்டைகள் கிடைத்தன. எல்லா மாத்திரைகளையும் உரித்துக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மீன் குழம்பு வைக்கப் போனேன். சாயங்காலத்துக்குள் அக்காவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வியர்த்தது, குளிர்ந்தது, காலை ஓரிடத்தில் வைக்க முடியாமல் தவித்தாள். காய்ச்சல் என்றாள். நானும் காய்ச்சல் என்றே நம்பி வெந்நீர் கொண்டு போனேன். திரும்பி வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது உடம்பு சரியாகியிருந்தது. சிரித்த முகத்தோடு மீன் குழம்பு கேட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு எல்லாம் புரிந்தது.

மறுநாள் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அடையாறில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் ஒரு கிளினிக்குக்கு நான் மட்டும் போனேன். நோயாளி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அங்கே இருந்த பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். மாத்திரையைக் கொட்டியதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே அப்படிப் பண்ணாதீங்க. ரொம்ப நாள் போட்டவங்க திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. நாங்க பக்கத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"அவங்க ஒத்துக்கவே மாட்றாங்க மேடம்."

"அடிமைங்கிற வார்த்தைய ஒத்துக்க வைக்கப் பாக்காதீங்க. நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க. அவங்களுக்காகப் பொய் சொல்றத நிறுத்துங்க. அப்புறம், அவங்க இப்ப வண்டி ஓட்டக்கூடாது. அது உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். ஆனால் அந்த வண்டியில் தினமும் ஆறு பிள்ளைகள் போகிறார்கள், அதில் ஒன்று என் மகள் என்பதை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு வந்த பிறகும் இரண்டு நாள் தைரியம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் என் மகள் அந்த வண்டியில்தான் போனாள்.

அந்த இரண்டாம் நாள் மகள் பள்ளிவிட்டு வந்து, உடையைக்கூட மாற்றாமல் சொன்னாள்: "அம்மா, இன்னிக்கு பெரிமா சிக்னல்ல தூங்கிட்டாங்க. பச்சை விழுந்துச்சு, பஸ்ஸுலாம் ஆரன் அடிச்சுது. நாங்க எல்லாரும் சேந்து 'பெரிமா'ன்னு கத்துனோம்." அவளுக்கு எட்டு வயது. அது ஒரு விளையாட்டைப்போல இருந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த நாள் காலை அக்கா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"அக்கா, இவள இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஏன்? லீவு போட்டியா?"

"இல்ல. நீ நேத்து சிக்னல்ல தூங்கிட்ட. உன் வண்டில நான் புள்ளைய அனுப்ப மாட்டேன்."

அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை, என் மகளைத்தான் பார்த்தாள். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் இருந்து அந்தக் குழந்தையைத் தன் ஆட்டோவில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தாள். என்னால் அதற்கு மேல் பேச முடியாது என்று தெரிந்ததால் வேகமாகச் சொல்லி முடித்தேன். "மத்த அஞ்சு வீட்டுக்கும் நீ சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"நீ போய் சொல்லிடுவியா?"

"சொல்லுவேன்."

அவள் வண்டியை எடுக்கப் போனாள். நான் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். என் கணவர் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். எதிர்வீட்டு அம்மா கோலப்பொடியோடு நின்று வேடிக்கை பார்த்தார். கடைசியில் அக்கா வண்டியில் இருந்து இறங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று நான் ஐந்து வீடுகளின் படியேறினேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, சரியாகும்வரை பிள்ளைகளை ஏற்றமாட்டாள் என்று மட்டும் சொன்னேன். மாத்திரை என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் அவள் என்று தோன்றியது.

நான் திரும்பி வந்தபோது அக்கா அடுப்படியில் எனக்காகக் காத்திருந்தாள்.

"என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு வந்துட்டியா?"

"ஆமா."

"இன்னா, நான் மாத்திரை இல்லாம இருக்க மாட்டன்னு நெனைக்கறியா? ஒரு வாரம். ஒரு மாத்திரை தொட மாட்டேன். வண்டியும் தொட மாட்டேன். இந்தா சாவி. ஒரு வாரம் கயிச்சு நீயே அந்த அஞ்சு வூட்டுக்கும் போய் மன்னிப்பு கேக்கணும்."

"அக்கா, திடீர்னு நிறுத்தக்கூடாது. டாக்டர் சொல்லிருக்காங்க. என் கூட வா, அவங்களே குறைப்பாங்க."

"அதெல்லாம் அடிமையானவங்களுக்குடி. எனக்கு இன்னா?"

நான் எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். எந்தெந்த அறிகுறி வந்தால் உடனே அழைத்து வர வேண்டும் என்று சொன்னார். என் கணவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். ஒரு நாள் தாண்டியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பெரியப்பாவின் பெயர் முதலில் வர வேண்டும் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வேறு யாருடையதோ. அதில் இருந்து என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா இறங்கினாள். முப்பது ஆண்டுகளில் அவள் இன்னொருவர் ஆட்டோவில் சவாரியாக வந்து நான் பார்த்ததில்லை. முகமெல்லாம் வேர்வை. நேராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்னால முடிலடி," என்றாள். "ரெண்டு நாள் கூட முடில. நான் நெனைச்சுக்கினு இருந்தது வேற. இது என்னைய வுட மாட்டுது."

பெண்ணின் அப்பா எழுந்து, தன் தண்ணீர் பாட்டிலை அக்காவிடம் நீட்டினார். பத்திரிகையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சையில் முதலாவதாக வந்த நாளில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அன்றே அடையாறுக்குப் போனோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அக்காவுக்குப் பழைய வீம்பு திரும்பி வந்துவிட்டது. "பழக்கம் கீது மேடம். அவ்ளோதான். அடிமைலாம் இல்ல."

"சரி, பழக்கம்னே வெச்சுக்கலாம். பழக்கத்துக்கு வைத்தியம் பண்ணிக்கலாமா?" என்றார் டாக்டர்.

அக்கா யோசித்துப் பார்த்துத் தலையாட்டினாள். சீட்டில் தேதி மாற்றியதை நானே டாக்டரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். "அவ மேல தப்பு இல்ல மேடம், நான்தான் மாத்தச் சொன்னேன்," என்று அக்கா பாய்ந்து வந்தாள். அத்தனை மாதங்களில் அவள் ஒரு தப்பைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல்முறை. டாக்டர் என்னைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார்.

சில நாட்கள் அங்கேயே தங்க வைத்தார்கள். பிறகு வீட்டில் இருந்து போய்வந்தோம். டாக்டர் கொடுத்த மருந்து என் கைப்பையில் இருக்கும். அன்றன்றைக்கு உள்ளதை நான் எடுத்துக் கொடுப்பேன். "இன்னா நர்ஸம்மா, டைம் ஆச்சு," என்று கை நீட்டுவாள். சில நாள் அது கிண்டல். சில நாள் கெஞ்சல். வலி பொய்யில்லை என்பதையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொண்டார். முதுகுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். முன்னறையில் பாயைப் போட்டு, என் மகள் மேல் ஏறி உட்காராமல் பார்த்துக்கொண்டு, அக்கா இடுப்பைத் தூக்கி இறக்குவாள். ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு கெட்ட வார்த்தை வரும். மகளின் காதைப் பொத்துவது என் வேலை.

எல்லாம் நேராகப் போகவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிப் போனவள் சீக்கிரம் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எதிரே நின்று கேள்வி கேட்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து ஓர் அட்டையை வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு மாத்திரை குறைந்திருந்தது.

"ரெண்டு போட்டுக்கினேன். மிச்சத்த நீ வெச்சுக்கோ. டாக்டருக்கு நானே சொல்றேன்," என்றாள். சொன்னாள். பதினோரு அட்டைகளை ஒளித்து வைத்திருந்தவள், பன்னிரண்டாவதைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அன்று அது தோல்வியாகவே தெரியவில்லை.

கிளினிக்கில் வாரம் ஒருநாள் நோயாளிகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அந்த வட்டத்தில் அக்கா ஒருத்திதான் பெண். முதல் சில வாரங்கள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள் வெளியே காத்திருந்த எனக்கு அவள் குரல் கேட்டது. ஸ்டாண்டில் பேசும் அதே சத்தம். "நான் அடிமையாத்தான் இருந்தேன். டாக்டர் எழுதிக் குடுத்தது, மருந்துக்கடைல விக்கறது, அதனால போதை இல்லன்னு ரெண்டு வருசம் என்னைய நானே ஏமாத்திக்கினேன். என் தங்கச்சி அவ பொண்ணு கைய புடிச்சுக்கினு, உன் வண்டில அனுப்ப மாட்டன்னா. அவ மட்டும் அன்னிக்கு அனுப்பிருந்தா இன்னா ஆயிருக்கும்னு நெனைச்சா எனக்கு இப்பவும் ராத்திரி தூக்கம் வர மாட்டுது." நான் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நான்காம் மாத முடிவில் டாக்டர் பரிசோதித்துவிட்டு வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். நான் சாவியை எடுத்து நீட்டினேன். அக்கா உடனே வாங்கவில்லை. முதலில் அந்த ஐந்து வீடுகளுக்கும் போக வேண்டும் என்றாள். "உடம்பு சரியில்லன்னு நீ சொல்லிட்டு வந்துட்ட. அது பாதி பொய். முயுசா சொல்லிட்டுதான் புள்ளைங்கள தொடுவேன்."

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மாத்திரைக்கு அடிமையாகி இருந்ததையும் சிக்னலில் தூங்கியதையும் சொன்னாள். நான் பின்னால் நின்றேன். ஒரு வீட்டில் அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்னொரு வீட்டில் கோபமாகக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நான்கு வீடுகள் பிள்ளைகளை மறுபடி அனுப்பச் சம்மதித்தன. ஒரு வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"இன்னாத்துக்கு கோவப்படற? அவங்க புள்ள, அவங்க பயம். நீ பயப்படலியா?" என்றாள் அக்கா.

மறுநாள் காலை பள்ளிச் சவாரிக்கு முன்னால் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டாள். மந்தைவெளியில் இருந்து அடையாறு பாலம் வரை போய்த் திரும்பினோம். பாலத்தின் மேல் காற்று அடித்தது. ஆற்றின் வாடையும் அடித்தது. முன்னால் போன மாநகரப் பேருந்தை அக்கா முந்தினாள். அதன் ஓட்டுநர் என்னவோ கத்தினார். அக்காவும் திருப்பிக் கத்தினாள். கண்ணாடியில் அவள் கண்களைப் பார்த்தேன். நன்றாகத் திறந்திருந்தன. நான் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்தில் பைக்கில் வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் அக்காவிடம் இருந்து போன் வந்தது. ஸ்டாண்டில் இருக்கும் ஓர் ஓட்டுநர், கழுத்துவலிக்காக மாத்திரை போட ஆரம்பித்தவர், வண்டியிலேயே சாய்ந்து கிடந்திருக்கிறார். சட்டைப் பையில் அதே வகை அட்டை. தனக்கு ஒன்றும் இல்லை, டாக்டர் கொடுத்த மாத்திரைதான் என்று சொல்லியிருக்கிறார்.

"நான் அவராண்ட ஒண்ணும் வாதாடல," என்றாள் அக்கா. "'அண்ணே, எனக்கும் இத்தே மாத்திரைதான், வா, ஒரு டாக்டரம்மாவ காட்றேன், புடிக்கலன்னா திரும்பி வந்துடலாம்'னேன். ஏறிக் குந்திக்கினாரு. அடையாறுக்கு போய்க்கினு கீறோம், வண்டிய ஓரங்கட்டிட்டு பேசறேன். மூணரைக்கு நீ போய் புள்ளைங்கள கூட்டிக்கினு வந்துடு. எனக்கு லேட்டாவும்."

அவள் பேசும்போதே பின்னால் ஒரு ஆண் குரல், தனக்கு எதுவும் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. "சரிண்ணே, இல்லன்னே வெச்சுக்கலாம்," என்று அக்கா சொல்வது கேட்டது. நான் கடையில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.